எரிகோ மதில் படமும் எங்கள் சண்டே ஸ்கூலும்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம்.

இரண்டு வாரத்துக்கு முன் தங்கள் ஞாயிறு இணைப்பில், பைபிளில் உள்ள சம்பவங்கள் அத்தனையும் அகழாய்வில் நிரூபணமாகிவிட்டன என்று ஒரு முழுப்பக்கக் கட்டுரை வந்தது. போன வாரம் அதை மறுத்து ஒரு வாசகர், ஒன்றுகூட நிரூபணமாகவில்லை, இஸ்ரவேல் என்ற பெயரே பைபிளுக்கு வெளியே பழங்காலத்தில் எங்கும் கிடையாது, எல்லாம் பாட்டி கதை என்று எழுதியிருந்தார். இரண்டையும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தேன். கட்டுரையாளரோடு ஒரு சண்டை, மறுத்தவரோடு ஒரு சண்டை, தங்களிடம் ஒரு வேண்டுகோள். கடிதம் நீண்டுவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள். எரிகோ பகுதியில் மட்டும் கை வைக்காதீர்கள்.

என்னைப் பற்றி இரண்டு வரி. தூத்துக்குடி மாவட்டம் நாசரேத் ஊர்க்காரி. 33 வருடம் பள்ளிக்கூடத்தில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். அதைவிடக் கூடுதல் வருடம் சண்டே ஸ்கூல் டீச்சர். அப்பா சபை உபதேசியார். 2018-ல் கணவரும் நானும் எருசலேம் பயணம் போய்வந்தோம். அங்கே விமான நிலையத்தில் என் பாஸ்போர்ட்டைப் புரட்டிய பெண், பிறந்த ஊர் நாசரேத் என்று இருப்பதைக் கண்டு நிமிர்ந்து, என் முகத்தை இன்னொரு தரம் பார்த்தாள். இந்தியாவிலும் ஒன்று இருக்கிறது என்று விளக்குவதற்குள் வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

முதலில் அந்தப் படம். கட்டுரையின் நடுவில் கால் பக்கத்துக்கு ஒரு வண்ணப் படம். ஆழமான குழிக்குள் வட்டமாகக் கல் அடுக்கிய ஒரு கட்டடம். கீழே, 'யோசுவாவின் எக்காளச் சத்தத்துக்கு இடிந்து விழுந்த எரிகோ மதில்' என்று போட்டிருந்தீர்கள். இஸ்ரவேலரின் தலைவர் யோசுவா ஏழு நாள் எரிகோ பட்டணத்தைச் சுற்றிவரச் செய்து, எக்காளம் ஊதி ஆர்ப்பரித்ததும் மதில் விழுந்தது என்று பைபிள் சொல்கிறது. அந்தக் குழியின் விளிம்பில் நான் நின்றிருக்கிறேன். அது மதில் இல்லை, கோபுரம். இடிந்து விழவும் இல்லை. எட்டரை மீட்டர் உயரத்துக்கு இன்றைக்கும் நிற்கிறது, உள்ளே 22 படிகள் ஏறிப்போகின்றன. கட்டியது கி.மு. 8000 வாக்கில், அந்தப் பக்கத்தில் மண்பானை வனையவே ஆள் இல்லாத காலம். யோசுவாவை எந்தக் கணக்கில் வைத்தாலும் அவருக்கு 6,500 வருடமாவது முந்தையது. அவர் பட்டணத்தைச் சுற்றி வந்தார் என்றால், அப்போது இந்தக் கோபுரம் அவருடைய காலுக்குப் பல ஆள் ஆழத்தில் புதைந்து கிடந்திருக்கும். எங்களைக் கூட்டிப்போன வழிகாட்டியும் இதே கோபுரத்தைக் காட்டி இதே கதையைத்தான் சொன்னார். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். சாப்பாட்டு நேரமும் நெருங்கியிருந்தது.

இனி உண்மையான மதில். எரிகோவின் பழைய மேட்டுக்கு அங்கே தெல் எஸ் சுல்தான் என்று பெயர். 1930 முதல் 1936 வரை ஜான் கார்ஸ்டாங் என்ற ஆங்கிலேயர் அதைத் தோண்டினார். இரட்டை மதில் ஒன்று எரிந்து சரிந்து கிடப்பதைக் கண்டு, இது கி.மு. 1400 வாக்கில் விழுந்தது, யோசுவா காலத்து மதில் இதுதான் என்று அறிவித்தார். அந்தச் செய்தி எங்கள் ஊர் வரைக்கும் வந்து சேர்ந்தது. எப்படித் தெரியும் என்றால், அப்பாவின் பிரசங்க நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. ஊதா மையில், '1954 ஆகஸ்டு' என்று தேதி போட்டு எழுதியிருக்கிறார்: 'எரிகோ மதில் அகப்பட்டுவிட்டது. கார்ஸ்டாங் துரை சாட்சி. இனி நாவடக்கம் வேண்டியது அவிசுவாசிகளுக்கே.' பாவம் அப்பா. அவர் அதை எழுதிக்கொண்டிருந்த அதே வருடத்தில், அதே மேட்டில், ஒரு பெண்மணி அந்த மதிலை அவர் கையிலிருந்து உருவிக்கொண்டிருந்தார் என்பது நாசரேத்துக்கு எப்படி எட்டும்?

அந்தப் பெண்மணி காத்லீன் கென்யன். 1952 முதல் 1958 வரை எரிகோவில் தோண்டினார். இவருக்கு மண்ணை வாசிக்கக் கற்றுக்கொடுத்தவர் மார்ட்டிமர் வீலர். ஆம், 1945-ல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டைத் தோண்டிய அதே வீலர்தான். சதுரம் சதுரமாகக் குழி எடுப்பது, குழிக்கும் குழிக்கும் நடுவில் தோண்டாத மண் சுவரை விட்டுவைப்பது, அந்தச் சுவரின் முகத்தில் மண்ணின் நிறம் எங்கெங்கே மாறுகிறது என்று வரைந்துகொள்வது, எந்த அடுக்கில் எந்த ஓடு கிடைத்தது என்று குறித்துவைப்பது. இதுதான் அந்த முறை. அரிக்கமேட்டில் இத்தாலி நாட்டு அரெஸ்ஸோ பாணிச் சிவப்பு ஓடு கிடந்த அடுக்கின் காலம் தெரியும். அப்படியானால் அதே அடுக்கில் கூடக் கிடந்த நம்மூர்ப் பானைக்கும் அதுதான் காலம். வகுப்பில் நான் இதை எங்கள் வீட்டுக் குப்பைக்குழியை வைத்துச் சொல்வேன். அடியில் கிறிஸ்துமஸ் கேக் சுற்றிவந்த தாள். அதன் மேல் பொங்கல் கரும்புச் சக்கை. அதற்கும் மேல் சித்திரை வெயிலில் குடித்துப் போட்ட நுங்குக் கூடு. கரும்புச் சக்கையோடு ஓர் உடைந்த சீப்பு கிடந்தால் அது தை மாதத்துச் சீப்பு. அதைச் சித்திரை மாதத்தில் தொலைத்தேன் என்று எந்தப் பிள்ளையாவது சொன்னால் நம்ப முடியாது.

கென்யன் அப்படித்தான் பார்த்தார். கார்ஸ்டாங் காட்டிய மதில் கரும்புச் சக்கைக்கும் அடியில் இருந்தது. கி.மு. 2350 வாக்கில் விழுந்த மதில் அது. யோசுவாவுக்கு ஆயிரம் வருடம் மூத்தது. அதற்கு மேல் எழும்பிய இன்னொரு கோட்டைப் பட்டணம் எரிந்துபோனது கி.மு. 1550 வாக்கில். யோசுவா வாழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்து அடுக்கில் அவருக்குக் கிடைத்தது ஒரு வீட்டின் துண்டுத் தரை, ஒரு சிறு அடுப்பு, அதன் பக்கத்தில் ஒரு சின்னக் குடுவை. மதிலும் இல்லை, பட்டணமும் இல்லை. மேட்டின் உச்சியை மழையும் காற்றும் அரித்துக்கொண்டு போய்விட்டன, மிச்சமும் அதோடு போயிருக்கலாம் என்று கென்யனே எழுதினார். போயிருக்கலாம். ஆனால் அடித்துக்கொண்டு போன மண்ணை யாரும் சாட்சிக் கூண்டில் ஏற்ற முடியாது. எனக்கு என்னவோ அந்தக் குடுவைதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது. யார் வீட்டு அடுப்போ, யார் தண்ணீர் மொண்டு வைத்துவிட்டு எழுந்துபோனதோ.

கட்டுரையாளர் இதை ஒரே வரியில் தள்ளிவிட்டு, 'பிற்கால ஆய்வுகள் கென்யனின் தவற்றை நிரூபித்துவிட்டன' என்கிறார். அவர் மனதில் வைத்திருப்பது பிரையண்ட் உட் என்ற அமெரிக்க ஆய்வாளரை. 1990-ல் அவர் பழைய பானை ஓடுகளை மறுபடி ஆராய்ந்து, எரிந்த அந்தப் பட்டணம் 1400-ஐச் சேர்ந்ததே என்று வாதாடினார். அவர் எடுத்துக்காட்டிய ஒரு விஷயம் எனக்கும் பிடிக்கும். எரிந்த வீடுகளுக்குள் பானை பானையாகத் தானியம் கருகிக் கிடந்தது. மாதக்கணக்கில் முற்றுகை நடந்திருந்தால் உள்ளே இருந்தவர்கள் அதைத் தின்று தீர்த்திருப்பார்கள். யோசுவா புத்தகமோ அறுப்புக் காலம் என்கிறது, ஏழே நாள் என்கிறது. நல்ல வாதம். ஆனால் 1995-ல் அந்தக் கருகிய தானியத்தையே, வயதைக் கணக்கிடும் ரேடியோ கார்பன் சோதனைக்கு உட்படுத்திய முடிவு வெளிவந்தது. கி.மு. 16-ஆம் நூற்றாண்டு. கட்டுரையாளர் 1990-ஓடு நின்றுவிட்டார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி? கென்யன் தோண்டி முடித்து 40 வருடத்துக்கு மேல் ஆன பிறகும், நான் அப்பாவின் நோட்டை வைத்துக்கொண்டுதான் சண்டே ஸ்கூல் நடத்தினேன். ஃபிளானல் துணிப் பலகையில் அட்டை மதிலை ஒட்டி, பிள்ளைகள் ஏழு தரம் சுற்றி வந்து ஆர்ப்பரித்ததும் நூலை இழுத்து விழவைப்பேன். 'இதை ஒரு துரை தோண்டிக் கண்டுபிடித்துவிட்டார்' என்று முடிப்பேன். கைதட்டு பலமாக இருக்கும். 2003-ல் பள்ளி நூலகத்தில் வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தபோதுதான் கென்யன் பெயர் கண்ணில் பட்டது. வரலாறு சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் 1936-லேயே நின்றிருக்கிறேன்.

இப்படியெல்லாம் எழுதுகிறவர்கள் விசுவாசமில்லாதவர்கள் என்று கட்டுரையில் ஒரு குத்தல் வருகிறது. ஜோசப் கால்வே என்று ஒருவர் இருந்தார். அமெரிக்காவில் பாப்டிஸ்டு இறையியல் கல்லூரிப் பேராசிரியர். எரிகோவுக்கு அடுத்து யோசுவா பிடித்ததாகச் சொல்லப்படும் ஆயி பட்டணம் என்று பலரும் கருதும் எத்-தெல் மேட்டை 1964-லிருந்து 1972 வரை தோண்டினார். கி.மு. 2400 வாக்கில் பாழான அந்த இடத்தில் 1200 வாக்கு வரை யாருமே குடியிருக்கவில்லை என்று கண்டார். யோசுவா பிடிப்பதற்கு அங்கே ஊர் இல்லை. அந்த மனிதருக்கு அது எப்படி வலித்திருக்கும்! ஆனாலும் கண்டதைக் கண்டபடி எழுதினார். வேறு மேடுதான் ஆயி என்று சிலர் இன்றும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். தேடட்டும்.

யோசுவா புத்தகம் முழுக்கவே மண்ணுக்கு ஒவ்வாதது என்றும் சொல்லிவிட முடியாது. ஆத்சோர் என்ற பெரிய பட்டணம் கி.மு. 13-ஆம் நூற்றாண்டில் பயங்கரமாக எரிந்தது, சந்தேகமில்லை. யார் கொளுத்தினார்கள்? அங்கே தோண்டிய அம்னோன் பென்-தோர் இஸ்ரவேலர் என்றார். அவரோடு சேர்ந்து அதே மேட்டில் வேலை பார்த்த ஷாரோன் ஸக்கர்மன், ஊர் மக்களே தங்கள் மேட்டுக்குடிக்கு எதிராகக் கலகம் செய்து எரித்தது என்றார். ஒரே சாம்பல்.

போன வாரக் கடிதக்காரருக்கு இப்போது வருகிறேன். ஐயா, இஸ்ரவேல் என்ற பெயர் வெளியில் எங்கும் இல்லை என்றீர்கள். எகிப்து ராஜா மெர்னப்தா கி.மு. 1208 வாக்கில் வெட்டிய வெற்றிக் கல்வெட்டில் இருக்கிறது. 1896-ல் பிளிண்டர்ஸ் பெட்ரி அதைக் கண்டெடுத்தார். 'இஸ்ரவேல் பாழானது, அதன் வித்து இல்லை' என்று அதில் பெருமை பேசியிருக்கிறான். பிறகு இஸ்ரவேலின் பக்கத்து நாடான மோவாபின் ராஜா மேசாவின் கல், 1868-ல் தீபோனில் கிடைத்தது. அவனும் 'இஸ்ரவேல் என்றென்றைக்கும் அழிந்தது' என்கிறான். அந்தப் பெயரைச் சொல்லும் முதல் கல்வெட்டே அது ஒழிந்தது என்று சொல்கிறது. வேடிக்கைதான், ஆனால் இல்லாத ஒன்றை ஒழித்தேன் என்று யாரும் கல்லில் வெட்டமாட்டார்கள்.

எல்லாமே பாட்டி கதை என்கிறீர்களே, கி.மு. 701-ஐ மட்டும் ஒரு தரம் பாருங்கள். பைபிள் சம்பவங்களில் எனக்கு மிகவும் பிடித்த வருடம் அது. காரணம், இரண்டு தரப்பும் எழுதிவைத்திருக்கிறார்கள். அசீரியா ராஜா சனகெரிப், எருசலேமைத் தலைநகராகக் கொண்ட யூதாவின் மேல் படையெடுத்து, கோட்டைப் பட்டணங்களை எல்லாம் பிடித்து, எருசலேமையும் நெருக்கினான் என்று இராஜாக்கள் இரண்டாம் புத்தகம் 18-ஆம் அதிகாரம் சொல்கிறது. யூதாவின் ராஜா எசேக்கியா பணிந்து 300 தாலந்து வெள்ளியும் 30 தாலந்து பொன்னும் கட்டினான் என்கிறது (தாலந்து அந்தக் காலத்து எடை அளவு). சனகெரிப்பும் தன் கதையை ஆறு பட்டைக் களிமண் தூணில் எழுதிவைத்தான். நினிவேயில் கிடைத்த அதன் பிரதி ஒன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. 46 கோட்டைப் பட்டணம் பிடித்தேன், 2,00,150 பேரைக் கொண்டுபோனேன், எசேக்கியாவைக் கூண்டுப் பறவைபோல் எருசலேமுக்குள் அடைத்தேன் என்கிறான். எசேக்கியா கட்டியது 30 தாலந்து பொன், 800 தாலந்து வெள்ளி என்கிறான்.

பொன் கணக்கு இரண்டிலும் 30. வெள்ளிதான் இடிக்கிறது, 300-க்கும் 800-க்கும். எங்கள் பக்கத்தில் கல்யாண வீட்டு மொய் நோட்டைப் பார்த்தவர்களுக்கு இது அதிசயமாக இராது. கொடுத்தவர் நோட்டிலும் வாங்கியவர் நோட்டிலும் தொகை ஒன்றாக இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். கல்யாணம் நடந்ததா என்று மட்டும் யாரும் கேட்கமாட்டார்கள்.

சனகெரிப் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. எருசலேமைப் பிடித்தேன் என்று அவன் எங்கும் சொல்லவில்லை. மெய்க்கீர்த்தி படித்துப் பழகிய நமக்கு ராஜாக்களின் சுபாவம் தெரியும். தலைநகரம் விழுந்திருந்தால் முதல் வரியே அதுதான். அதற்குப் பதிலாக அவன் நினிவே அரண்மனையில் ஓர் அறைச் சுவர் முழுக்கச் செதுக்கிவைத்தது லாகீஸ் என்ற இரண்டாம் நிலைப் பட்டணம் விழுந்த காட்சியை. என் மகள் லண்டனில் நர்ஸ் வேலை பார்க்கிறாள். ஒரு விடுமுறை நாளில் அந்தச் சிற்பங்களுக்கு முன் நின்றுகொண்டு வீடியோ காலில் எனக்குக் காட்டினாள். மண்ணையும் கல்லையும் கொட்டி மேடாக்கிய சரிவில் இடிப்பு எந்திரங்கள் ஏறுகின்றன. மேலிருந்து தீப்பந்தங்கள் விழுகின்றன. எந்திரம் பற்றிக்கொள்ளாமல் ஓர் ஆள் நீண்ட கரண்டியால் தண்ணீர் ஊற்றுகிறான். கீழே மாட்டு வண்டியில் சாமான்களை ஏற்றி, பெண்களும் பிள்ளைகளும் ஊரைவிட்டுப் போகிறார்கள். 'அந்த வண்டியில உட்கார்ந்திருக்கிற பிள்ளையைப் பாரும்மா' என்றாள் மகள். நெட்வொர்க் போய்ப் போய் வந்தது. சிற்பத்தில் சிங்காசனத்தில் இருக்கிற சனகெரிப்பின் முகத்தை மட்டும் பிற்காலத்தில் எவனோ சிதைத்திருக்கிறான்.

லாகீஸ் மேட்டை 1973-லிருந்து டேவிட் உஷிஷ்கின் தோண்டினார். சிற்பத்தில் இருக்கிற அந்தச் சரிவு அங்கே தென்மேற்கு மூலையில் அப்படியே கிடந்தது. நூற்றுக்கணக்கில் அம்பு முனைகள், கவண் கற்கள், எரிந்த வீடுகள். ஒரு சம்பவத்துக்கு ஜெயித்தவன் எழுத்து, தோற்றவன் எழுத்து, படம், இடம் நான்கும் ஒன்றுகூடுவது உலக வரலாற்றிலேயே அபூர்வம். இதைப் பாட்டி கதை என்றால் பாட்டிக்கும் மரியாதை இல்லை.

முற்றுகை வரும் என்று தெரிந்து எசேக்கியா தண்ணீரை ஊருக்குள் திருப்பினான் என்றும் பைபிளில் இருக்கிறது. கீகோன் ஊற்றிலிருந்து சீலோவாம் குளத்துக்குப் பாறையைக் குடைந்த சுரங்கம், 533 மீட்டர். எங்கள் பயணக் குழுவில் அதற்குள் இறங்க முன்வந்தவர்கள் எட்டுப் பேர்தான். சேலையை அறையில் வைத்துவிட்டுச் சுடிதாரில் போயிருந்தேன். ஆரம்பத்தில் தண்ணீர் தொடை வரைக்கும் வந்தது, ஐஸ் மாதிரி. பிறகு முழங்காலுக்கு இறங்கியது. தோள் இரண்டு பக்கமும் உரசும். சில இடத்தில் கூரை தலையில் தட்டும். பின்னால் கணவர் சங்கீதம் பாட ஆரம்பித்து, குளிரில் பல் கிட்டி, பாதியில் நிறுத்திவிட்டார். டார்ச் வெளிச்சத்தில் சுவரைத் தடவிக்கொண்டே போனால் உளிக் கொத்து தெரியும். நடுவில் ஓர் இடம் வரைக்கும் கொத்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். அங்கே சுரங்கம் இப்படியும் அப்படியுமாகக் குழம்பி வளையும். அதைத் தாண்டினால் கொத்து எதிர்ப் பக்கமாகச் சாயும். இரண்டு முனையிலிருந்தும் குடைந்துகொண்டு வந்தவர்கள் சந்தித்த இடம் அது. இரண்டு முனைக்கும் மட்ட வித்தியாசம் சுமார் 30 செண்டிமீட்டர்தான். தண்ணீர் இன்றும் ஓடுகிறது.

1880-ல் அங்கே விளையாடப் போன பையன்கள் உள்ளே ஒரு கல்வெட்டைக் கண்டார்கள். பிறகு யாரோ அதைப் பெயர்த்து உடைத்து, இப்போது இஸ்தான்புல் மியூசியத்தில் இருக்கிறது. மூன்று முழம் குடைய மிச்சமிருந்தபோது எதிர்ப் பக்கத்திலிருந்து ஆள் கூப்பிடும் சத்தம் கேட்டது என்றும், பிறகு உளிக்கு உளி முட்டித் தண்ணீர் 1,200 முழம் ஓடியது என்றும் அதில் இருக்கிறது. கட்டுரையாளர் இதை 'எசேக்கியாவின் கல்வெட்டு' என்கிறார். கல்வெட்டில் எசேக்கியா பெயர் இல்லை. எந்த ராஜாவின் பெயரும் இல்லை. குடைந்தவர்களின் கதை மட்டும் இருக்கிறது. பாறைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த குரல்தான் எழுதினவனுக்குப் பெரிய விஷயம். சுரங்கத்தின் சாந்தில் சிக்கியிருந்த செடித் துணுக்குகளைச் சோதித்து 2003-ல் வெளியிட்டார்கள், கி.மு. 700 வாக்கு என்று வந்தது. எசேக்கியாவுக்குப் பொருந்துகிறது. நானும் அவன் வெட்டியதே என்று நம்புகிறேன். ஆனால் 'கல்வெட்டு சொல்கிறது' என்று எழுதினால் அது கல்லின் வாயில் நாம் வைத்த பேச்சு.

அதே 701-ல் நான் பதில் சொல்ல முடியாமல் நிற்கிற இடமும் இருக்கிறது. ஓர் இரவில் கர்த்தருடைய தூதன் அசீரியர் பாளயத்தில் 1,85,000 பேரைச் சங்கரித்தான் என்கிறது 19-ஆம் அதிகாரம். சனகெரிப் ஊர் திரும்பினான்; எருசலேம் விழவில்லை; இதுவரை எல்லோரும் ஒத்துப்போவார்கள். ஏன் திரும்பினான் என்பதற்கு மண்ணில் பதில் இல்லை. கொள்ளைநோய் என்பார்கள். கப்பம் கிடைத்தது போதும் என்று போய்விட்டான் என்பார்கள். கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், எகிப்தில் சனகெரிப் படையின் வில் நாண்களை இரவோடு இரவாக எலிகள் கடித்துப் போட்டன என்று ஒரு கதை கேட்டு எழுதியிருக்கிறார். தேவதூதன் வந்தானா என்பதைக் கொத்துக்கரண்டி வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. நான் அந்த அதிகாரத்தை விசுவாசித்துத்தான் வாசிக்கிறேன். அதற்கு உஷிஷ்கினிடம் சான்றிதழ் கேட்கப் போவதில்லை. இன்னொன்று: சனகெரிப்பை அவன் குமாரரே வெட்டினார்கள் என்று அடுத்த வசனங்களில் வருகிறது. பாபிலோனியக் குறிப்பும் மகன் கையால் செத்தான் என்றே சொல்கிறது. ஆனால் அது நடந்தது 681-ல். வேதத்தில் ஊர் போனதும் நடந்ததுபோல் இருக்கிற இடத்தில் 20 வருடம் மடிந்து கிடக்கிறது.

தாவீது ராஜாவே கற்பனை என்ற வாதத்துக்கு 1993-ல் தாண் ஊரில் கிடைத்த அராமியக் கல் பதில். பழைய சுவரில் செருகிக் கிடந்த அந்தக் கல்லைச் சாய்வாக விழுந்த வெயிலில் கவனித்தவர் அகழாய்வுக் குழுவின் நில அளவையாளரான ஒரு பெண். 'தாவீதின் வீடு' என்று அதில் படித்தார்கள். அவ்வளவுதான் அதில் இருக்கிறது. கோலியாத்து இல்லை, பத்சேபாள் இல்லை. மேலும் இஸ்ரவேல் ராஜா யோராமையும் யூதா ராஜா அகசியாவையும் தானே கொன்றதாக அந்தக் கல்லை நாட்டின சீரிய ராஜா சொல்கிறான் என்று தெரிகிறது. வேதத்தில் கொன்றது இஸ்ரவேலின் படைத்தலைவன் யெகூ. தாவீதுக்காக அந்தக் கல்லைக் கையில் எடுத்தவர்கள் யெகூ விஷயத்தில் அதை மெதுவாகக் கீழே வைத்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

போன மே மாதம் விடுமுறை வேதாகமப் பள்ளியில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் அவன் அப்பா போனைக் கொண்டுவந்து காட்டினான். செங்கடல் அடியில், இஸ்ரவேலரைத் துரத்திவந்த எகிப்து ராஜா பார்வோனின் ரதச் சக்கரம். 'டீச்சர், இது கெடச்சிருக்கு. எரிகோ மட்டும் கெடைக்கலன்னு ஏன் சொல்றீங்க?' அந்தக் கதையைக் கிளப்பியவர் தொல்லியல் படிக்காத ஓர் அமெரிக்கர், மயக்க மருந்துப் பிரிவில் வேலை பார்த்த நர்ஸ். எந்த மியூசியத்திலும் அந்தச் சக்கரம் இல்லை. பவளம் படர்ந்த வட்டங்களின் படங்கள்தான் சுற்றுகின்றன. 'சக்கரம் எங்கே இருக்கு?' என்று கேட்டேன். 'வாட்ஸ்அப்ல' என்றான். தங்கள் கட்டுரையில் அதுவும் ஒரு பத்தி வந்திருக்கிறது.

நம் பக்கத்துப் பெருமையையும் ஒரு வரி தொட்டுவிடுகிறேன். தாவீதின் மகன் சாலொமோன் ராஜாவுக்குப் பொன் வந்த ஓப்பீர் என்ற ஊர் எங்கள் பக்கத்துக் கடற்கரை ஊரான உவரிதான் என்று கட்டுரையின் கடைசியில் ஒரு பெட்டிச் செய்தி. சாலொமோன் கப்பலில் வந்த மயில்களைக் குறிக்கும் 'துக்கிம்' என்ற எபிரெயச் சொல் நம் 'தோகை'தான் என்று கால்டுவெல் ஐயர் காலத்திலிருந்து சொல்லிவருகிறார்கள். எனக்கும் அது இனிக்கிறது. ஆனால் மயில் வந்த ஊர் உவரி என்பதற்கு ஓர் ஓடுகூட இல்லை. டெல் அவீவ் பக்கத்தில் கிடைத்த ஒரு பானை ஓட்டில் 'ஓப்பீர் பொன்' என்று எழுதியிருக்கிறது, கி.மு. 8-ஆம் நூற்றாண்டு. அப்படி ஒரு பொன் சந்தையில் இருந்தது தெரிகிறது, ஊருக்கு வழி தெரியவில்லை. உவரியில் எனக்குச் சொந்தக்காரர்கள் உண்டு; இந்தக் கடிதம் வந்த பிறகு அங்கே மீன் குழம்பு கிடைக்குமா என்பது சந்தேகம்.

வேண்டுகோளுக்கு வருகிறேன். அந்தப் படத்தின் குறிப்பைத் திருத்தி வெளியிடுங்கள். 'எரிகோவின் புதிய கற்காலக் கோபுரம், கி.மு. 8000 வாக்கு' என்று ஒரு வரி போதும். ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், எங்கள் சண்டே ஸ்கூல் சுவரில் பிள்ளைகள் தங்கள் பக்கத்தை வெட்டி ஒட்டிவிட்டார்கள். கிழிக்க எனக்கு மனமில்லை. திருத்தம் வந்தால் அதையும் வெட்டி, படத்துக்குக் கீழே ஒட்டிக்கொள்வோம். பசை வாங்கி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
நாசரேத், தூத்துக்குடி மாவட்டம்.

(பெயரைப் போட வேண்டாம். அடுத்த மாதம் எங்கள் சபையில் அசனம். பந்தியில் எனக்குப் பக்கத்தில் யாராவது உட்கார வேண்டும்.)